நிழலைப் பார்! கல்லைப் படி!

ஒரே நாளில் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் காட்டும் வழிகாட்டியோடு சென்றோம். பெரிய கோயில் முன் நின்று அவர் முழங்கினார்: "இவ்விமானத்தின் நிழல் தரையில் விழாது!" கூடியிருந்தோர் கைகூப்பினர். காலை வெயிலில் அந்நிழலோ அவர்தம் காலடியிலேயே கிடந்தது!

கண் கண்டதைக் காது கேட்டது வெல்வதா? 200 அடிக்கு மேல் ஓங்கி, 1010-இல் முடிந்த அவ்விமானத்தை நிறுத்தியது அற்புதமன்று; மனிதர் தோள்! அங்குள்ள கல்வெட்டுகள் இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன. தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயர்களும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் அங்கே உண்டு. வழிகாட்டியின் வாயில் அவர்களுக்கு ஒரு சொல்லேனும் உண்டா? இல்லை!

கங்கைகொண்ட சோழபுரத்திலும் அதே கதை. கோயில் மதிலின் கற்கள், 1836-இல் கட்டிய கீழணைக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டவை. மாளிகைமேட்டில் சோழர் அரண்மனைக்குச் செங்கல் அடித்தளமே எச்சம். அங்கும் புராணமே பொழிந்தார். வரலாறு வாய் திறக்கவில்லை.

சுற்றுலா நடத்துவோரே! கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவரை வழிகாட்டியாக்குங்கள். பொய்யை வியக்கப் பழகிய பிள்ளை, மெய்யான உழைப்பை மதிக்க எங்கே கற்பான்? எம் மாணவர்க்கு யாம் சொல்வது இதுவே: கைகூப்புமுன் கண் திற!