சதுரங்கத்துக்கு மடி ஆசாரம்

சதுரங்கத்தைக் காப்பாற்றுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இருக்கிறது. யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று விசாரித்தால், விளையாடுகிறவர்களிடமிருந்து என்று தெரிகிறது. குதிரைக்கு ஒரு தாவலுக்குப் பதில் இரண்டு தாவல் கொடுத்து ஆடிப் பார்க்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டால் போதும், இவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஆயிரத்தைந்நூறு வருஷத்து ஆட்டம், அதில் கைவைக்க நீ யார்?" என்று சீறுவார்கள். கொடியில் உலர்த்திய மடித்துணியைப் பையன் பள்ளிக்கூடத்துச் சட்டையோடு தொட்டுவிட்ட மாதிரி!

இப்படித் தொட்டுவிடுகிற பையன்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பல பேருக்குத் தலை நரைத்துவிட்டது. பகலில் ஆபீசுக்குப் போகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரவில் உட்கார்ந்து சதுரங்கத்துக்குப் புதுக் காய்களும் புதுப் பலகைகளும் புதுச் சட்டங்களும் செய்கிறார்கள். செய்ததை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஆடிப் பார்த்து, குறை சொல்லி, சண்டை போட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். டேவிட் பிரிட்சர்ட் என்ற ஆங்கிலேயர் இந்த மாற்றுச் சதுரங்கங்களைத் தேடித் திரட்டி 1994-ல் ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். அதில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் காசும் கிடையாது, பட்டமும் கிடையாது. இவர்களைத்தான் நம் ஆசார சீலர்கள் 'ஆட்டத்தைக் கெடுக்கிறவர்கள்' என்கிறார்கள்.

எந்த ஆட்டத்தை? அதைத்தான் நான் கேட்கிறேன்.

இன்று பலகையின் நடுவில் நின்றுகொண்டு எட்டுத் திக்கிலும் வேண்டிய தூரம் பாய்கிறாளே ராணி, அவள் பழைய சதுரங்கத்தில் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மந்திரி நின்றார். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வார், அவ்வளவுதான். ராஜாவுக்குப் பின்னால் கைகட்டி நடக்கிற வயசான திவான் போல. இன்று பிஷப் நிற்கிற இடத்தில் நின்றது யானை. அதற்கு மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்கு ஒரு தாவல், அதோடு சரி. காலாள் எப்போதும் ஒரே கட்டம். இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும் அரபு தேசத்துக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆட்டம் இதுதான். ஐரோப்பாவில் மந்திரி பெண் வேஷம் கட்டிக்கொண்டு ராணியான பிறகுகூடப் பல நூறு வருஷங்கள் அவள் அந்த ஒரு கட்ட நடையைத்தான் நடந்தாள்.

15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் தேசத்து வலென்சியாவில் யாரோ சிலர், யாரென்று பெயர்கூடத் தெரியாத சிலர், அவளை அவிழ்த்துவிட்டார்கள். பிஷப்புக்கும் நீண்ட ஓட்டம் கிடைத்தது. 1497-ல் சாலமான்காவில் லூசேனா என்பவர் அச்சிட்ட சதுரங்கப் புத்தகத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பழைய ஆட்டத்துக்குச் சில புதிர்கள், புது ஆட்டத்துக்குச் சில புதிர்கள் என்று இரண்டும் ஒரே புத்தகத்தில் கலந்து கிடக்கின்றன. இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் புது ஆட்டத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? வெறி பிடித்தவளின் ஆட்டம்! அன்றைக்கும் ஒரு காவல் கூட்டம் இருந்திருக்கிறது என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி போதாதா? அந்த வெறி பிடித்தவள்தான் இன்று நம் ஆசாரசீலர்கள் பூஜை அறையில் வைத்து விளக்கேற்றுகிற தெய்வம்.

சரி, அதற்குப் பிறகாவது சட்டம் அசையாமல் நின்றதா? ராஜா கோட்டை கட்டுகிற விதம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது; இத்தாலியில் 19-ம் நூற்றாண்டிலும் அவர்கள் வழி தனி வழி. செக் இல்லாமலே நகர இடமில்லாமல் ராஜா முட்டிக்கொண்டு நின்றால் இன்று ஆட்டம் சமம் என்கிறோம். இங்கிலாந்தில் 17, 18-ம் நூற்றாண்டுகளில் அப்படி முட்டிக்கொண்டு நின்றவனுக்கே வெற்றி! எதிரியை மூச்சு முட்ட அடைத்தவன் தோற்றுப் போவான். ஆங்கிலேயனின் நியாய புத்தி அப்படி ஒரு காலத்தில் வேலை செய்திருக்கிறது.

நம் நாட்டிலேயே பாருங்கள். "எங்கள் முன்னோர் கண்ட விளையாட்டு" என்று மார்தட்டுகிறவர்களுக்கு, அந்த முன்னோர் ஆடிய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போவான் என்று தெரியுமா? ராஜா கோட்டை கட்டுவதற்குப் பதிலாக, செக் வாங்காமல் இருந்தால், ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம் என்பது தெரியுமா? பஞ்சாபில் ஒரு சீமானிடம் வேலைக்காரராக இருந்த மீர் சுல்தான் கான் அந்த இந்திய முறையில்தான் ஆட்டம் பழகினார். பிறகு சீமைச் சட்டத்தைக் கற்றுக்கொண்டு, எஜமானரோடு இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 ஆகிய மூன்று வருஷங்களிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸில் காப்பபிளாங்காவையே வீழ்த்தினார். அவருக்கு நாம் இன்று ஆடுகிற சதுரங்கம்தான் 'மாற்றுச் சதுரங்கம்'. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற பண்டிதர் 1814-ல் பம்பாயில் ஒரு சதுரங்கப் புத்தகம் போட்டார். ஐரோப்பிய முறைக்கு ஏற்ப அமைத்தது என்று அதன் தலைப்பே சொல்லிற்று. நம் ஆட்டத்தை அந்நியன் ஆட்டத்துக்குத் தக்கபடி தைத்துக் கொடுக்க வேண்டிய நிலைமை அன்றைக்கே வந்துவிட்டது. ஆக, இவர்கள் காப்பாற்றுவது முன்னோர் சொத்தையும் அல்ல. ஸ்பெயின்காரன் மாற்றி, இத்தாலிக்காரன் திருத்தி, இங்கிலாந்துக்காரன் அச்சுப்போட்ட ஒரு மாற்றுச் சதுரங்கத்தை!

இவ்வளவு சொன்னாலும் ஒரு கட்சி மிச்சம் இருக்கும். "மாறியது மாறிவிட்டது, இப்போதிருப்பது பூரணமானது. முதலில் இதைக் கரைத்துக் குடி, பிறகு புதிதாகச் செய்யலாம்" என்பார்கள். மேலுக்குப் பார்த்தால் நியாயமான வார்த்தைதான். ஆனால் இதைக் கரைத்துக் குடித்தவர்கள் என்ன செய்தார்கள்? காப்பபிளாங்காவை விடப் பெரிய ஆட்டக்காரர் யார்? 1920-களில் அவரேதான் பலகையைப் பத்துக்கு எட்டு கட்டமாக அகலப்படுத்தி, கோட்டையும் குதிரையும் சேர்ந்த ஒரு காய், பிஷப்பும் குதிரையும் சேர்ந்த ஒரு காய் என்று இரண்டு புதுக் காய்களை நுழைத்து ஆடிப் பார்த்தார். கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் எல்லா ஆட்டமும் சமத்தில் முடிந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவருக்கும் முந்நூறு வருஷம் முன்னால், 1617-ல், கரேரா என்ற இத்தாலியப் பாதிரியார் அதே இரண்டு காய்களை யோசித்து வைத்திருந்தார் என்பது இன்னொரு ரசமான விஷயம்.

பாபி பிஷர் 1996-ல் போனஸ் அயர்ஸில் ஒரு மாற்றுச் சதுரங்கத்தை அறிவித்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட வேண்டும்; இரண்டு பிஷப்புகள் வேறு வேறு நிறக் கட்டங்களில், ராஜா இரண்டு கோட்டைகளுக்கும் நடுவில் என்ற இரண்டே நிபந்தனை. மொத்தம் 960 விதமான தொடக்கங்கள். உலக சதுரங்க சம்மேளனம் 2019-ல் அதற்கு உலகப் பட்டமே வைத்தது; வெஸ்லி சோ இறுதியில் கார்ல்சனை 13.5-க்கு 2.5 என்று புரட்டி எடுத்தார். பிஷரின் மற்ற பேச்சுகளில் பலவற்றை நான் காது கொடுத்துக் கேட்க மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதர் பட்டுத் தெரிந்து பேசினார். மனப்பாடம் செய்த இருபது நகர்த்தலுக்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் சொந்த மூளை வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், அதற்கு முன்னால் நடந்ததற்கு என்ன பெயர்? ஒப்புவித்தல் என்று பெயர்.

நம் ஊரில் இதன் உபத்திரவம் அதிகம். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது; 2024-ல் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றார். சந்தோஷம், எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு பெற்றோர் குழந்தைகளைச் சதுரங்க வகுப்புக்கு அனுப்புகிற தோரணையைப் பார்த்தால், நுழைவுத் தேர்வுக்கு அனுப்புகிற அதே தோரணை. ஆறு வயசுக் குழந்தை சிசிலியன் தற்காப்பை ஒப்புவிக்கிறது. அந்தக் குழந்தையே ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை உட்கார வைத்துக்கொண்டு, "உன் யானை என் காலாளைத் தாண்டிக் குதிக்கலாம், ஆனா ஒரு தடவைதான்" என்று புதுச் சட்டம் பேசினால், "அதெல்லாம் செஸ் இல்லை, ஒழுங்கா ஆடு" என்று அதட்டல் வருகிறது. அந்த நிமிஷத்தில் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த ஒரே விளையாட்டு நின்று போகிறது. அதை அடக்குகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

சட்டம் செய்வது விளையாட்டுத்தனமான காரியம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நல்ல சட்டத்தைச் செய்து பார்க்கட்டும். டாஸன் என்ற ஆங்கிலேயர் ரப்பர் தொழிலில் இருந்தவர். 1913-ல் 'வெட்டுக்கிளி' என்று ஒரு காய் செய்தார். ராணி போகும் திசைகளிலேயே போகும், ஆனால் வழியில் ஏதாவது ஒரு காய் நின்றால்தான் போகும். அதன்மேல் ஏறிக் குதித்து அதற்கு அடுத்த கட்டத்தில் இறங்கும். வெறும் பலகையில் அது ஒரு செத்த காய். கூட்டம் இருந்தால்தான் அதற்கு உயிர். ஒரே ஒரு நிபந்தனையில் இப்படி ஒரு சுபாவத்தையே படைத்துவிட முடிகிறது! பாத்திரங்களுக்குக் குணம் தேடி ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற என் போன்றவர்களுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பார்ட்டன் என்று இன்னொருவர், 1953-ல் 'ஆலிஸ் சதுரங்கம்' செய்தார். லூயிஸ் கரோலின் ஆலிஸ் கண்ணாடிக்குள் புகுந்து போனாள் அல்லவா, அதே சங்கதி. இரண்டு பலகைகள், காய்கள் எல்லாம் முதல் பலகையில் தொடங்கும். ஒரு காயை நகர்த்தியதும் அது அடுத்த பலகையில் அதே கட்டத்துக்குப் போய்விடும். அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். மறுபடி நகர்த்தினால் இங்கே திரும்பி வரும். உங்கள் ராஜாவுக்கு நேர் எதிரே எதிரியின் ராணி நிற்பாள். ஆனால் அவள் இருப்பது வேறு உலகத்தில், ஒன்றும் செய்ய முடியாது. பயமில்லை என்று நீங்கள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தப் பார்த்தால், அவள் இருக்கிற உலகத்துக்கே போய் அகப்பட்டுக்கொள்வீர்கள். காய்களின் நடை எதையும் அவர் மாற்றவில்லை, கவனியுங்கள். ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார். 1960-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தபாலில் ஆடுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே இது செல்லப் பிள்ளையாக இருந்தது. தபாலில் ஒரு நகர்த்தல், பதிலுக்காகக் காத்திருத்தல், அதற்குள் இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருத்தல். என்ன பொறுமை!

எல்லாரிலும் நான் அதிகம் மதிப்பது ரால்ப் பெட்ஸா என்ற அமெரிக்கரை. 1979-ல் அவர் கேட்ட கேள்வி இது: இரண்டு பேருக்கும் ஏன் ஒரே மாதிரிப் படை இருக்க வேண்டும்? எனக்கு ஒரு படை, உனக்கு வேறொரு படை. காய்களின் நடை வேறு, பலம் மட்டும் சமமாக இருக்கட்டும். சொல்வது எளிது. இந்தக் காய் எத்தனை காலாளுக்குச் சமம், இரண்டு சேர்ந்து நின்றால் மதிப்பு கூடுமா, ஆட்டத்தின் முடிவில் குறையுமா என்று அவர் வருஷக்கணக்கில் கணக்குப் போட்டார், ஆடினார், மாற்றினார். ஒரு படையில் கோட்டைக்குப் பதிலாக ஒரு காய்: முன்னாலும் பக்கத்திலும் கோட்டையைப் போல எவ்வளவு தூரமும் ஓடும், பின்னால் வருவதென்றால் ராஜாவைப் போல ஒரே அடி. முன்னேறத் தெரிந்து பின்வாங்கத் தெரியாத முரடன்! அப்படிப்பட்ட முரடர்கள் நிறைந்த படையும், நிதானமான பழைய படையும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும். தராசு முள் அசையாமல் நிற்க வேண்டும். இதைக் கெடுப்பது என்று சொல்கிறவர், சதுரங்கக் காயின் மதிப்பைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தவர் அல்ல.

மாற்றுச் சதுரங்கக்காரர்கள் எல்லாரையும் நான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவில்லை. அவர்களிலும் ஒரு ஜாதி உண்டு: பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள், நாற்பது காய், ஐம்பது காய், ஒவ்வொன்றுக்கும் புலி, நாகம், பேய் என்று பெயர். ஜப்பானில் பழைய காலத்தில் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு கட்டத்தில், ஒருவருக்கு 402 காய் வீதம் ஒரு சதுரங்கம் இருந்தது. ஆச்சரியந்தான், ஆனால் ஆச்சரியப்பட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். முதல் அத்தியாயத்தில் நாற்பது பேரைக் கல்யாணத்துக்கு வரவழைத்துவிட்டு, யாருக்கும் வேலை கொடுக்காமல் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிற நாவலாசிரியன் மாதிரிதான் இதுவும். இந்த ஜாதியார் செய்கிறதோடு சரி, ஆடுவதில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சட்டத்தில் தோற்று, "இன்னொரு ஆட்டம்" என்று காய் அடுக்கினால்தான் அது விளையாட்டு. அதற்கு முன்னால் வெறும் காகிதம். இதை ஆசாரசீலர்கள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அவர்களுடைய புகார் இதுவல்ல; ஆடிப் பார்த்து, ருசிக்கவில்லை என்று அவர்கள் சொல்வதில்லை. தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

அப்படித் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் முறையாக இருக்கட்டும். ராணியை அவளுடைய நீண்ட நடையோடு ஸ்பெயினுக்குத் திருப்பி அனுப்பட்டும். மந்திரியைக் கூப்பிட்டு ஒரு கட்டம் நடக்க விடட்டும். பிஷப்பின் காலை முறிக்கட்டும், காலாளின் இரண்டு கட்டப் பாய்ச்சலைப் பிடுங்கட்டும், கோட்டை கட்டுவதை நிறுத்தட்டும். அந்தப் பழைய ஆட்டமும் நல்ல ஆட்டந்தான். நிதானமாக, மாட்டு வண்டிப் பிரயாணம் போல இருக்கும். யாராவது ஒருவர் அந்தப் பலகையை விரித்து என்னைக் கூப்பிட்டால், நான் எதிரே உட்காரத் தயார்.