கடைசி ஓவருக்குக் கணக்கு எங்கே?

ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் நடராஜன் அன்றைக்குச் சரியாகப் போடவில்லை என்றுதான் தோன்றும். 10 ஓவர், 73 ரன், ஒரே ஒரு விக்கெட். 2021 மார்ச் 28, புனே, இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் போட்டி.

ஆனால் நடந்தது என்ன? கடைசி ஓவரில் இங்கிலாந்துக்குத் தேவை 14 ரன். வெளுத்துக்கொண்டிருந்த சாம் கரன் களத்தில். நடராஜன் கொடுத்தது 6 ரன்தான்! 7 ரன்னில் ஜெயித்த இந்தியா தொடரையும் 2-1 என்று கைப்பற்றியது.

பேஸ்பாலில் இப்படிக் கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் பந்துவீச்சாளருக்கு 'சேவ்' என்று 1969 முதல் தனிக் கணக்கு உண்டு. கிரிக்கெட்டில் அது இல்லை. நடராஜன் மாதிரி ஆட்களுக்கு அதுதான் நஷ்டம்.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டிக்காரர். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. அடுத்த ஆண்டு ஹைதராபாத் கொடுத்தது 40 லட்சம். இரண்டு சீசன் ஒரு மேட்ச்கூட இல்லை. 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அணியில் ஆள் குறையக் குறைய உள்ளே வந்து, 44 நாளில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார்!

புனேக்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. காயமும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தவருக்கு அந்த ஆண்டு டி20 உலகக்கோப்பை அணியில் இடமில்லை. 2025 சீசனுக்கு டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது. ஆடியது 2 மேட்ச்தான்.

விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அந்த 6 ரன்னை மட்டும் யாரும் வரவு வைக்கவில்லை. எத்தனை ரன் கொடுத்தார் என்பதோடு, எந்த ஓவரில் கொடுத்தார் என்றும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.