உயிர்ப் பிச்சை அல்ல, உரிமை

பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் ஒரு பிள்ளையின் படம். அதன் கீழே மருத்துவமனையின் பெயர், தேவைப்படும் தொகை, ஒரு வங்கிக் கணக்கு எண். இப்படியொரு துண்டறிக்கையைப் பேருந்து நிலையத்திலோ கைப்பேசியிலோ பார்க்காதவர்கள் குறைவு. சிறுநீரகத்தையோ கல்லீரலையோ மாற்றினால்தான் பிள்ளை பிழைக்கும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அந்தக் குடும்பம் வாசல் வாசலாக ஏறுகிறது. காலனிக் குடும்பம் என்றால் எல்லா வாசலிலும் ஏற முடிவதில்லை. மகன் உயிருக்குப் போராடும் நாளிலும் ஊர்த்தெருவில் எதுவரை போகலாம் என்ற கோடு அழியாத கிராமங்கள் இன்னும் இருக்கின்றன.

கொடுப்பவர்கள் யார்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், சூளையில் கல் அறுக்கிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள். ஐம்பதும் நூறுமாக அவர்கள் தருவது பெரிய மனது. ஆனால் கூலிக்காரர் கூலிக்காரரிடம் கேட்டு லட்சங்களைச் சேர்க்க முடியாது. பணம் சேர்வதற்குள் வட்டிக்காரர் வந்துவிடுகிறார். இருக்கும் ஒரே வீட்டுமனைப் பட்டாவும் அடகுக்குப் போகிறது.

எனவே, துண்டு ஏந்துவதற்கு முன் தட்ட வேண்டிய கதவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி ஆகிய அரசு மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று சிகிச்சை நடக்கிறது என்பதே பல குடும்பங்களுக்குத் தனியார் மருத்துவமனையில் கையிருப்பெல்லாம் கரைந்த பிறகுதான் தெரிகிறது.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குக் கீழுள்ள பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் டாக்டர் அம்பேத்கர் மருத்துவ உதவித் திட்டமும் உண்டு. சிறுநீரகம், இதயம், கல்லீரல், புற்றுநோய் சிகிச்சைகளுக்கு அது உதவுகிறது. பணம் மருத்துவமனைக்கே நேரடியாகச் செல்லும். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையுடன் விண்ணப்பிக்கலாம். இத்திட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத காலனிகள் எத்தனை! முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றுக்கும் மனு செய்யலாம்.

அறுவை சிகிச்சையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. அம்மாவே சிறுநீரகம் கொடுத்தால் அவரும் பல வாரங்கள் கனமான வேலை பார்க்க முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் கூட இருந்தால் இரண்டு கூலியும் நின்றுபோகும். பேருந்துக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவை எந்தத் துண்டறிக்கையின் கணக்கிலும் வருவதில்லை. மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, அது இயங்கும் காலம் முழுதும் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் சுத்தமான குடிநீரும் கழிப்பறையும் சிகிச்சையின் பகுதிகள். குடிநீர்க் குழாய் காலனி எல்லையோடு நின்றுவிடும் ஊரில், மருத்துவர் காப்பாற்றிக் கொடுத்த உயிரைத் தண்ணீர் பறித்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மனித உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும், 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துத் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாகப் புகார் வெடித்தது. கடன்பட்ட ஏழையின் சிறுநீரகத்துக்கு ஆள் வந்து விலை பேசுகிறார்கள். அதே ஏழையின் பிள்ளைக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. தரகர் யார் வந்தாலும் காவல் துறையிடம் சொல்லுங்கள். சட்டப்படி பதிவு செய்து காத்திருக்க வழி இருக்கிறது. மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம்.

உரிய நேரத்தில் சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறினால் அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு கிடைத்தது. எனவே நாம் கேட்பது கருணை அல்ல. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் இந்தத் திட்டங்களுக்கு மனு எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். தொடர் மாத்திரைகள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் குடும்பத்துக்கு வாழ்வூதியம் வேண்டும்.

மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படியொரு துண்டறிக்கை வந்தால், பத்து ரூபாயோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தோடு ஆட்சியர் அலுவலகம் வரை செல்லுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து திரும்பும் வகுப்புத் தோழனுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள், மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். படித்த பிள்ளை ஒன்று கூட நின்றால், அலுவலக வாசலில் அந்தத் தாய் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது.