காபி மணமும் கேஸ் வாடையும்

சூடான டிகாக்‌ஷன் இறங்கும்போது வாசல்வரை மணக்கிறது. ஆறிப்போன காபி பக்கத்தில் இருந்தாலும் அவ்வளவாக மணப்பதில்லை. காரணம், சூட்டில் மண மூலக்கூறுகள் அதிகமாக ஆவியாகின்றன, வேகமாகவும் ஓடுகின்றன. வாயு இப்படித் தானாகப் பரவுவதற்கு ‘விரவுதல்’ என்று பெயர்.

சூடு மட்டுமல்ல, எடையும் முக்கியம். லேசான வாயு சீக்கிரம் பரவும். கனமானது மெதுவாகத்தான் பரவும். 19-ம் நூற்றாண்டிலேயே இதை அளந்து சொன்னவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம்.

சமையல் கேஸில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். இவை காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால் கசியும் கேஸ் தரையோடு தவழ்ந்து, சமையல் மேடைக்கு அடியில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி ஒன்று போதும், பற்றிக்கொள்ளும். கேஸுக்கென்று தனி வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நெடிப்பொருளைச் சேர்க்கிறார்கள்.

வாடை வந்தால் என்ன செய்வது?

* அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள்.
* ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, கேஸோ தரையில். எனவே கதவுகளையும் அகலத் திறந்துவையுங்கள்.
* லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுகளைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.
* வீட்டைவிட்டு வெளியே வந்தபிறகு 1906-க்கு போன் செய்யுங்கள்.

வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் அவசரப்பட்டு உள்ளே போகாதீர்கள். கேஸ் அங்கேயே இருக்கலாம், மூக்குதான் பழகிப்போயிருக்கும்!