பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கலாமா? மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாகாயத்தில் ஒருவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலடி ஆழத்தில் பச்சை பிடித்த ஒரு வட்டத் தகடு கிடைக்கிறது. அடுத்து என்ன நடக்கும்? கொத்தனார் அதை லுங்கியில் அழுத்தித் துடைப்பார். வீட்டுக்குள் போனதும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பளபளவென்று ஆனதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கடைசியில் நகைக்கடைக்குப் போய் "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள்.

இந்த வரிசையில் முதல் இரண்டு செயல்கள் காசின் வரலாற்றை அழிக்கின்றன. கடைசிச் செயல் சிறைவரை கொண்டுபோகலாம். மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு வயல்வெளியில் காசு தோண்டும் வீடியோக்கள் லட்சக்கணக்கில் பார்க்கப்படும் காலம் இது. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எடுக்கப்பட்டவை. அங்கே உள்ள சட்டம் வேறு, இங்கே உள்ள சட்டம் வேறு என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது?

மெட்டல் டிடெக்டரின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உருவாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அதைத் திரும்பப் பிடித்துக் கருவி 'பீப்' என்கிறது. அவ்வளவுதான். ஒற்றைக் காசு என்றால் சாதாரணக் கருவி ஏறக்குறைய அரையடி, முக்காலடி ஆழம்வரைதான் கண்டுபிடிக்கும். பீப் ஒலியை நம்பித் தோண்டினால் பெரும்பாலும் கிடைப்பது சோடா மூடி, ஆணி, கம்பித் துண்டு, குட்கா பாக்கெட்டின் அலுமினியத் தாள். '30 அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தை மட்டும் காட்டும் கருவி' என்று யாராவது விற்க வந்தால் அது ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம் வகையறா மோசடி. பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பேசப்பட்ட பெரிய கண்டெடுப்புகள் பலவும் தற்செயலாகத் தோண்டியபோது கிடைத்தவை. 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் மண்ணுக்குள் இருந்த ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. வெளிப்பட்டது ஆட்கள் தோண்டியதில். எந்தக் கருவியும் அதைக் காட்டவில்லை.

வேலூர் பக்கம் என்ன கிடைக்கலாம்?

பல அரசுகள் மாறி மாறி ஆண்ட மண் இது. விஜயநகர, நாயக்கர் காலச் செப்புக் காசுகள், ஆற்காடு நவாப் காசுகள், ஆற்காடு பெயரிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த வெள்ளி ரூபாய்கள், யானை உருவம் கொண்ட திப்பு சுல்தானின் செப்புக் காசுகள் என எதற்கும் வாய்ப்புண்டு. இன்னும் பழையவையும் உண்டு. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில், சேந்தன் என்ற பெயர் பொறித்த பழங்கால ஈயக் காசுகள் கிடைத்தன.

காசில் இருக்கும் நாலு எழுத்துக்கு அவ்வளவு முக்கியத்துவமா? ஆமாம். சங்க கால மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்பதையே ஒரு காலத்தில் பல அறிஞர்கள் சந்தேகித்தார்கள். 1980-களில் நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த ஒரு சிறிய சதுரச் செப்புக் காசை வெளிக்கொண்டுவந்தார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் பாண்டியரின் மீன் சின்னம். பிறகு கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த 'மாக்கோதை' போன்ற சேரர் காசுகளும் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. அந்த எழுத்துகள் தலைமுடி கனத்துக்குத்தான் மேடாக நிற்கின்றன. இதே மாதிரி எத்தனை காசுகள் புளியிலும் சாம்பலிலும் மழுங்கிப் போயிருக்கும் என்று கணக்கெடுக்க வழியே இல்லை.

1878-ல் போட்ட 10 ரூபாய் வரம்பு

இந்தியப் புதையல் சட்டம் 1878-ல் வந்தது. இன்றும் அதுதான் நடைமுறை. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தகவல் தர வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதற்கு உத்தரவாதம் தர வேண்டும்.

1878-ல் 10 ரூபாய் என்றால் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ள 10 வெள்ளி நாணயங்கள். சாமானியர்களுக்கு அது பெரிய தொகை. இன்று ஒரே ஒரு பழைய வெள்ளி ரூபாயின் உலோக விலையே அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும். வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

சொல்லாமல் மறைத்தால்? கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடையாளம் தெரியாதபடி மாற்றுவதும் இதே குற்றம்தான். அதனால் உருக்குவதற்கு ஆசாரியிடம் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பு செல்லாது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பங்குக் கணக்கு. ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் வருவதற்கு 4 முதல் 6 மாதங்களுக்குள் ஒரு தேதி குறிக்கப்படும். புதைத்தவர் என்று யாரும் நிரூபிக்காமல், அது உரிமையாளர் இல்லாதது என்று அறிவிக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு இடத்தின் சொந்தக்காரருக்கு. அதாவது பாகாயத்து வீட்டில் காசை எடுத்தது கொத்தனார் என்றால் அவருக்குத்தான் பெரிய பங்கு. "என் நிலம், என் புதையல்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஆனால் சட்டத்தின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அரசு அந்தக் காசைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், தர வேண்டியது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. தங்கம் என்றால் சரி. 3 கிராம் செம்புக்கு? ஒரு டீ கூட வாங்க முடியாது. அதே காசை ஒரு சேகரிப்பாளர் ஆயிரக்கணக்கில் வாங்கத் தயாராக இருப்பார். நேர்மையாகச் சொல்பவர் நஷ்டப்படுவார் என்ற கணக்கு இருக்கும்வரை காசுகள் அரசு அலுவலகத்துக்கு வருவதைவிட இருட்டுச் சந்தைக்குப் போவதுதான் அதிகமாக இருக்கும்.

இங்கிலாந்து இதை வேறு மாதிரி கையாண்டது. அங்கே 1996-ல் வந்த புதையல் சட்டப்படி, அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் பொருளுக்குச் சந்தை மதிப்பில் வெகுமதி தரப்படுகிறது. 2009-ல் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த ஒருவர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கண்டெடுத்த தங்கக் குவியலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்பு போடப்பட்டது. அது அவருக்கும் நிலத்துக்காரருக்கும் போனது. அங்கே ஆட்கள் ஓடிவந்து சொல்வதற்குக் காரணம் நல்ல மனசு மட்டுமில்லை.

எங்கே தோண்டவே கூடாது?

கருவியை வாங்கியதால் தோண்டும் உரிமை வந்துவிடாது. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதுபோன்ற சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பாகாயம் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. அதற்காக ஏரிக்கரை, கோயில் நிலம், பக்கத்துத் தோட்டம் எல்லாம் திறந்த மைதானம் ஆகிவிடாது.

சரி, எப்படிக் கழுவுவது?

முடிந்தவரை கழுவாதீர்கள். இதுதான் முதல் பதில், பாதி பதிலும் இதுதான். காசுகள் பானையிலோ கட்டியாக ஒட்டியோ கிடைத்தால் பிரிக்கவே கூடாது. எது மேலே, எது அடியில், கூட இருந்த துணி நூல் என்ன என்பதிலிருந்துதான் புதைத்த காலம் தெரியவரும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து இரு பக்கமும் போட்டோ எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பது அமிலம். அது அழுக்கை மட்டும் தின்பதில்லை. துருவாக மாறிப்போன மேல்தோலையும் தின்னும். பழைய செப்புக் காசில் எழுத்து பெரும்பாலும் அந்தப் பச்சைத் தோலில்தான் தங்கியிருக்கும். தோல் போனால் எழுத்தும் போச்சு. விபூதி, பற்பசை, பித்தளை துலக்கும் பவுடர் எல்லாம் அரம் மாதிரி உரசும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிட வைத்திருக்கும் அமிலத்தில் 'ஒரு முக்கு' போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். காசும் போகும், கையும் வெந்துபோகும்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பச்சைத் தோல் உப்பு போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவும் நீரில் உப்பு ஏராளம். பல ஆண்டுகளாகத் தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் கலந்ததைத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது; 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உப்பில் இருக்கும் குளோரைடு செம்புக்கு எமன். காசுக்குள் குளோரைடு இறங்கிவிட்டால், காற்றின் ஈரம் பட்டதும் உள்ளேயே அமிலம் உருவாகி அரிக்க ஆரம்பிக்கும். வெளிறிய பச்சை நிறத்தில் மாவு மாதிரி புள்ளிகள் வந்தால் அதுதான் அடையாளம். கெட்டியான கரும்பச்சைப் படலம் வேறு, அது பாதுகாப்பு. மாவுப் பச்சைதான் நோய்.

அதனால் போர் தண்ணீரில் கழுவக் கூடாது. மண்ணை நீக்கியே தீர வேண்டும் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இளகிய மண்ணை மூங்கில் குச்சியாலோ மிக மென்மையான பிரஷ்ஷாலோ ஒத்தி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. பிறகு பருத்தித் துணியில் ஒற்றி, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய் தடவுவதும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு அமிலமும் செம்பைத் தாக்கும். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது, ஒரு தேய்ப்பில் கீறல் விழும். வெள்ளிக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போடும் வீடியோ வித்தை பழங்காசுக்கு ஆகாது. ஈயக் காசை வினிகர் கரைத்துவிடும். ஈயம் நஞ்சு என்பதால் கையுறை அவசியம், குழந்தைகள் கையில் தரக் கூடாது.

வைப்பதற்கு மலிவான பி.வி.சி. உறை, அட்டைப்பெட்டி இரண்டும் சரிவராது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையைப் போட்டு வையுங்கள். ஷூ டப்பாவில் வருமே, அதேதான். ஆம்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாவுப் பச்சை பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதற்கு மேல் சிகிச்சை வீட்டு வேலை இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் பொருட்களைக் காக்க வேதியியல் ஆய்வகம் 1930-களிலிருந்தே இயங்குகிறது.

விற்கலாமா?

100 ஆண்டு தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 'இந்த நாணயம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்ற தலைப்புகளை நம்பிக் கமிஷன் கட்ட வேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

யாரிடம் சொல்வது என்று குழப்பம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொடங்கலாம், ஆனால் ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. பாகாயத்தில் கிடைத்தால் வேலூர் ஆட்சியர், ஆம்பூரில் கிடைத்தால் திருப்பத்தூர் ஆட்சியர், ஆற்காட்டில் கிடைத்தால் ராணிப்பேட்டை ஆட்சியர்.