வந்தால் எங்கே உட்காருவார்?

ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போகலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டில் ஒரு பையனோ பெண்ணோ இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். நாட்டின் காசில் படித்துவிட்டு அந்நியனுக்கு உழைப்பதா என்று ஒரு கட்சி. இங்கே இருந்தால் உருப்பட முடியாது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் 1949-ம் ஆண்டை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

அந்த ஆண்டில் இரண்டு இந்திய விஞ்ஞானிகள் தாயகம் திரும்பினார்கள். இருவரும் 1922-ல் பிறந்தவர்கள். இருவரும் இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஜி.என். ராமச்சந்திரன். மற்றவர் இந்திய அரசின் உதவித்தொகையில் லிவர்பூல் போய், பிறகு ஜூரிச்சிலும் பணியாற்றிவிட்டு வந்த ஹர் கோபிந்த் கொரானா.

ராமச்சந்திரனுக்கு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் இருந்தது. சர் சி.வி. ராமனின் மாணவர் என்ற பெயரும் இருந்தது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க ராமனை அழைத்தார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதில் பேராசிரியரானவர், இரண்டே ஆண்டுகளில் கொலாஜென் புரதத்தின் மூவிழை அமைப்பை உலகுக்குச் சொன்னார். 1963-ல் அவரது குழு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

கொரானாவுக்குக் கைகாட்ட யாரும் இல்லை. வேலை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மீண்டும் இங்கிலாந்துக்கே போனார். ராமச்சந்திரன் சென்னைக்கு வந்த அதே 1952-ல் அவருக்கு கனடாவின் வான்கூவரில் ஒரு வேலை கிடைத்தது. அங்கே வசதிகள் குறைவு, ஆனால் நினைத்ததைச் செய்யும் சுதந்திரம் இருந்தது. 1966-ல் அமெரிக்கக் குடிமகனானார். 1968-ல் நோபல் பரிசு வந்தது. நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

இவர்களில் யார் தேசபக்தர்? கேள்வியே அபத்தம். இருவரும் திரும்பி வந்தவர்கள்தான். ஒருவருக்கு நாற்காலி இருந்தது, மற்றவருக்கு இல்லை.

நாற்காலி கிடைத்த கதையிலும் ஒரு பாடம் உண்டு. 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த முதலியார் 1969-ல் விலகினார். 1971-ல் ராமச்சந்திரன் பெங்களூருக்கே திரும்பிவிட்டார். ஒரு நல்ல மனிதரை நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் இருக்கும்வரைதான்.

இன்று நிலைமை மாறவில்லை என்று சொன்னால் அது பொய். திரும்பி வருகிறவர்களுக்காகவே ராமானுஜன், ராமலிங்கசுவாமி பெயர்களில் ஐந்தாண்டு உதவித்தொகைகள் வந்துவிட்டன. ஆறாவது ஆண்டில் என்ன என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. 2020-21-ல் நாடு ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்ட தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஆகவே மாணவர்களே, எந்த நாடு என்பதை அப்புறம் யோசியுங்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறீர்கள், யாரிடம் வேலை கற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1952-ல் வான்கூவரும் சரி, சென்னையும் சரி, உயிரியல் ஆராய்ச்சிக்குப் பெயர்போன ஊர்கள் அல்ல. அங்கே போய்ச் சேர்ந்தவர்களால்தான் அவை பெயர் பெற்றன.

போகிறவரை வழியனுப்பும் நாம், "திரும்பி வருவாயா?" என்று தவறாமல் கேட்கிறோம். வந்தால் அவர் எங்கே உட்காருவார் என்று அரசையும் பல்கலைக்கழகங்களையும் கேட்பதில்லை. 1949-ல் கொரானா கேட்காமல் கேட்டுவிட்டுப் போன கேள்வி அது.