கருணை இல்லம் வேண்டாம்; வீட்டுச் சாவி வேண்டும்!

ஆண்டுதோறும் டிசம்பர் 3 வருகிறது. சர்வதேச மாற்றுத் திறனாளிகள் தினம். அன்று மேடை போடுவார்கள். மூன்று சக்கர வண்டி நாலு, தையல் மிஷின் இரண்டு கொடுப்பார்கள். வாங்குகிறவன் முகத்தை விடக் கொடுக்கிறவர் முகம்தான் புகைப்படத்தில் பெரிதாக விழும். கூட்டம் கலைந்த பிறகு வண்டி வாங்கியவன் எங்கே போகிறான்? வீட்டுத் திண்ணைக்குப் போகிறான். இல்லையேல் "இல்லம்" என்று பலகை மாட்டிய கட்டிடத்துக்குப் போகிறான். அங்கே எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது, யாரைப் பார்ப்பது என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானிப்பார். நாற்பது வயது ஆனாலும் அவன் "பிள்ளை"தான்!

இதற்குக் கருணை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: குற்றம் எதுவும் செய்யாத, வயது வந்த ஒரு மனிதனை ஆயுள் முழுதும் ஒரு கூரையின் கீழ் அடைத்து வைப்பது கருணையா, காவலா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எந்தத் தொழிலாளியும் ஒதுங்க வேண்டாம். கார்டிங் மிஷினில் கையைக் கொடுத்தவன் யார்? கதிரடிக்கும் மிஷினில் விரல்களை இழந்தவன் யார்? பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடக்கிறவன் யார்? மில் முதலாளியின் மகனா, மிராசுதாரின் மருமகனா? 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் இத்தனை சதவீதம், கை போனால் இத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டது. விரலுக்கு விலை எழுதினார்கள். விரல் போன மனிதன் அதற்குப் பிறகு முப்பது வருஷம் எப்படி வாழ்வான் என்று எழுதினார்களா? இல்லை.

ஊனம் எங்கிருந்து வந்தது?

"முடியாதவன் தனியே வாழ முடியாது, இது இயற்கை" என்கிறார்கள் சிலர். பச்சைப் புளுகு! வீட்டோடு தறி இருந்த காலத்தில் கால் நடக்காதவனும் தார் சுற்றினான். கண் மங்கிய கிழவியும் ராட்டை சுற்றினாள். அதைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேலை மனிதனின் வேகத்துக்கு நடந்தது. ஆலை வந்த பிறகு மனிதன் மிஷினின் வேகத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. ஓட முடியாதவன் முன்னால் கேட் அடைபட்டது.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் விக் பிங்கல்ஸ்டீன். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். 1968-ல் பிரிட்டனில் குடியேறியவர். ஊனமுற்றோரைத் தொழிலிலிருந்து விரட்டியதும், விரட்டியவர்களை அடைக்க இல்லங்கள் கட்டியதும் இயந்திரத் தொழிலின் காலத்தில் ஒன்றாக நடந்த வேலை என்று அவர் எடுத்துக் காட்டினார்.

இல்லத்துக்குள்ளே எழுந்த போராட்டம்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்று ஒரு மாளிகை. லெனார்ட் செஷயர் என்ற விமானப்படை அதிகாரி 1948-ல் அதை நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்குமான இல்லமாக்கினார். தசை நலியும் நோய்க்கு ஆளான பால் ஹண்ட் என்ற வாலிபர் 1956-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். உணவு கிடைத்தது, படுக்கை கிடைத்தது. சுதந்திரம் கிடைக்கவில்லை. அவரும் தோழர்களும் என்ன கேட்டுப் போராடினார்கள் தெரியுமா? தாங்கள் விரும்பிய நேரத்தில் படுக்கப் போகும் உரிமை! ஆணும் பெண்ணும் தலையீடின்றிப் பழகும் உரிமை! நிர்வாகத்திடம் சொல்லாமல் வெளியே போய் வரும் உரிமை! எந்த மனிதனும் கேட்காமலே அனுபவிக்கிற சாதாரண விஷயங்கள். இவற்றுக்காகப் போராட வேண்டியிருந்தது என்றால் அந்த இடத்தை வேறு எப்படி அழைப்பது?

"எங்கள் நிலையை வந்து பாருங்கள்" என்று இல்லவாசிகளே ஆராய்ச்சி நிபுணர்களை அழைத்தார்கள். நிபுணர்களின் புத்தகம் 1972-ல் வந்தது. சமூகம் செத்தவர்களாக ஒதுக்கிவிட்டவர்கள் உண்மையில் சாகும் வரை தங்கியிருக்கும் இடம்தான் இது என்று அதில் எழுதினார்கள். அப்படியானால் இல்லத்தை ஒழியுங்கள் என்றல்லவா முடித்திருக்க வேண்டும்? அதுதான் இல்லை! அதைத் திறமையாக நிர்வகிக்க யோசனை சொன்னார்கள். இவர்கள் ஒட்டுண்ணிகள் என்று பால் ஹண்ட் பகிரங்கமாகச் சாடினார்.

அதே 1972 செப்டம்பரில் அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லங்களில் சிதறிக் கிடக்கும் ஊனமுற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு சங்கம் பிறந்தது. 1976-ல் அது வெளியிட்ட கொள்கை அறிக்கை திட்டவட்டமாகச் சொன்னது: உடலில் உள்ள குறை வேறு, ஊனம் வேறு, குறையுள்ளவனை ஊனமாக்குவது சமூகம்.

செய்து காட்டினார்கள்

பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. அதே 1976-ல், நாட்டிங்காம்ஷயரில் சட்டன்-இன்-ஆஷ்பீல்டு என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், குரோவ் ரோடு வீடுகள் திறக்கப்பட்டன. கென் டேவிஸ், மேகி டேவிஸ் என்ற ஊனமுற்ற தம்பதி அதிகாரிகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிப் பெற்ற வீடுகள் அவை. கீழ்த்தளத்தில் மூன்று வீடுகள் ஊனமுற்றோர் குடும்பங்களுக்கு. மாடியில் மூன்று வீடுகள், வேண்டிய உதவி செய்ய ஒப்புக்கொண்ட மற்றக் குடும்பங்களுக்கு. வார்டன் கிடையாது. மணி அடிப்பது கிடையாது. அவரவர் கதவு, அவரவர் அடுப்பு.

லெ கோர்ட்டில் இருந்த ஜான் எவன்ஸும் தோழர்களும் 1979-ல் "திட்டம் 81" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கவுன்சிலிடம் அவர்கள் கேட்ட கேள்வி எளியது: "எங்களுக்காக இந்த இல்லத்துக்குக் கொடுக்கிற பணத்தை எங்களுக்கே கொடுங்கள். நாங்களே வீடு பார்த்து, உதவியாளரை அமர்த்திக் கொள்கிறோம். உங்களுக்கு என்ன நஷ்டம்?" தனி மனிதன் கையில் பணம் கொடுக்க 1948-ம் வருஷச் சட்டம் இடம் தரவில்லை. சுற்றுவழியில் பணத்தைப் பெற்றார்கள். 1983-ல் எவன்ஸ் இல்லத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீட்டில் குடியேறினார். பணத்தை நேரே கொடுக்கலாம் என்ற சட்டம் 1996-ல் வந்தது.

நாலு சாக்குப்போக்குகள்

"பிறர் உதவி இல்லாமல் வாழ முடியாதவனுக்குச் சுதந்திரம் ஏது?" என்பார்கள். பிறர் உதவி இல்லாமல் வாழ்கிறவர் யார்? மில் முதலாளிக்குச் சமைக்க ஒருவர், கார் ஓட்ட ஒருவர், துணி வெளுக்க ஒருவர். அவரை யாரும் ஊனமுற்றவர் என்று சொல்வதில்லையே! உத்தரவு போடுகிறவர் அவர் என்பதால் அவர் சுதந்திர மனிதர். அந்த உரிமையைத்தான் இவர்களும் கேட்கிறார்கள். எல்லா வேலையையும் தானே செய்வது சுதந்திரமல்ல. தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பதுதான் சுதந்திரம்.

"செலவு தாங்காது" என்பார்கள். பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவு வளர்ச்சிக் குறைவுள்ளவர்களை அங்கே வைக்க ஆளுக்கு வாரம் சராசரி 3,500 பவுன் சர்க்கார் பணம் போயிற்று. அடியும் உதையும் நடந்ததை 2011-ல் ரகசியக் காமிரா அம்பலப்படுத்தியது. 11 ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள். அடைத்து வைக்கப் பணம் இருந்தது. வாழ வைக்க மட்டும் இல்லையா?

"குடும்பம் பார்த்துக் கொள்ளும்" என்பார்கள். எந்தக் குடும்பம்? தாய் நாற்று நடப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரிகிற குடும்பமா? "எனக்குப் பின்னால் என் பிள்ளைக்கு யார்?" என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிற தாய் நம் சேரியிலும் லயனிலும் எத்தனை பேர்!

"சிறு வீடுகள் வந்தால் போதும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். ஜாக்கிரதை! ஐம்பது பேர் சிறையை ஆறு பேர் சிறையாக்குவது விடுதலையல்ல. சாவி யார் கையில்? யாரோடு குடியிருப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? உதவியாளர் சரியில்லை என்றால் மாற்ற முடியுமா? இதுதான் உரைகல். அந்த உதவியாளரும் தொழிலாளி. அவர் வயிற்றில் அடித்து நடத்துகிற வீடு நிலைக்காது. நியாயமான கூலியும் ஓய்வும் அவருக்கும் வேண்டும்.

கிடைத்தது நிலைக்கும் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பிரிட்டனில் 1988-ல் ஏற்பட்ட சுதந்திர வாழ்வு நிதியை, கோர்ட்டில் ஒருமுறை தோற்ற பிறகும், சிக்கனத்தின் பேரால் 2015 ஜூன் 30-ல் சர்க்கார் மூடிவிட்டது. போராடிப் பெற்றதைப் போராடியே காக்க வேண்டும்.

நம் மண்ணிலே

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள்! அந்தச் சாம்பல் மீது நின்றுதான் நாம் பேசுகிறோம்.

வேறு வழி உண்டு என்பதும் இந்த மண்ணிலேயே நிரூபணமாயிற்று. சென்னையில் 1993-ல் தோன்றிய பான்யன் என்ற அமைப்பு, மனநல நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களை 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தியது. துணைக்கு உதவியாளர்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பழகுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. 2016-ம் வருஷச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை ஊனமுற்றோருக்கு அளிக்கிறது. குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்க முடியாது என்கிறது. ஆனால் மத்திய சர்க்கார் தன் பங்காகக் கொடுக்கும் பென்ஷன் என்ன? 2012-ல் மாதம் 300 ரூபாய் என்று வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அதை உயர்த்தவில்லை. அதுவும் 80 சதவீத ஊனமும் வறுமையும் நிரூபித்தவர்களுக்கு மட்டும்! நாளைக்குப் பத்து ரூபாயில் வீடு பிடித்து, ஆள் வைத்து, சமூகத்தின் நடுவே வாழ வேண்டுமாம். சட்டத்தில் உரிமை, சட்டைப் பையில் ஓட்டை!

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: சர்க்கார் கட்டுகிற ஒவ்வொரு குடியிருப்பிலும் சக்கர நாற்காலி நுழையும் வீடுகள்; உதவியாளருக்கான பணம் ஊனமுற்றவர் கையில்; உதவியாளருக்குச் சட்டப்படி கூலி; வாழ்வதற்குப் போதுமான பென்ஷன்; இல்லங்களின் நிர்வாகத்தில் அங்கே வாழ்கிறவர்களின் ஓட்டு; வெளியேற விரும்புகிறவருக்கு வழி.

ஆலைச் சங்கங்களே! விவசாயத் தொழிலாளர் சங்கங்களே! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் எழுதுங்கள். உங்கள் ஊரில் திண்ணையோடு முடங்கியவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். தூக்கி வர வேண்டுமானால் தூக்கி வாருங்கள். அவருக்காக நீங்கள் பேச வேண்டாம். அவர் பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்!